ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பிட்யூட்டரியில் கட்டி’ என்று வந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, “ஆபரேஷன் எப்போது?” என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: “இந்தக் கட்டி எந்த ஹார்மோனைச் சுரக்கிறது?” ஒரே அளவுள்ள இரண்டு கட்டிகளில் ஒன்றுக்கு வாரம் இரண்டு மாத்திரை போதும், இன்னொன்றுக்கு அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும். எது எந்த வகை என்பதை ஸ்கேன் படம் சொல்லாது, ரத்தம்தான் சொல்லும்.

இது மூளைக் கட்டியா? புற்றுநோயா?

பிட்யூட்டரி என்பது மூளைக்குக் கீழே, மூக்கின் பின்புறம், எலும்பில் உள்ள சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. பட்டாணி அளவு, எடை சுமார் அரை கிராம். தைராய்டு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல், சூலகம், விதைப்பை எல்லாவற்றுக்கும் உத்தரவு இங்கிருந்துதான் போகிறது. இதில் வரும் கட்டிகள் ஏறக்குறைய எல்லாமே புற்றுநோய் அல்லாதவை. உடலின் வேறு இடத்துக்குப் பரவுவது மிக மிக அபூர்வம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் ‘அடினோமா’ என்ற பழைய பெயருக்குப் பதிலாக ‘பிட்யூட்டரி நியூரோஎண்டோகிரைன் ட்யூமர்’ என்ற பெயர் வந்திருக்கிறது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் இதைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் நிறைய. பெயர்தான் மாறியிருக்கிறது, நோய் அதேதான்.

என்னென்ன ஹார்மோன்களைச் சுரக்கும்?

அதிகம் பார்ப்பது புரோலாக்டின் சுரக்கும் கட்டி. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும், மார்பில் பால் கசியும், கரு தங்காது. ஆண்களுக்கு ஆசையும் விறைப்பும் குறையும். அதை வயது, வேலை, மனஅழுத்தம் என்று தள்ளிப்போடுவதால், ஆண்கள் வரும்போது கட்டி பெரிதாகியிருப்பது வழக்கம்.

அடுத்தது வளர்ச்சி ஹார்மோன். பெரியவர்களுக்கு இது அக்ரோமெகலி, கை, கால், முகம் மெல்லப் பெருக்கும் நோய். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிய உயரம். மூன்றாவது ஏசிடிஹெச். இது அட்ரினலைத் தூண்டி கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைப் பெருக்குவதால் வருவது குஷிங் நோய். நான்காவது, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச்; அதைச் சுரக்கும் கட்டி அபூர்வம். சில கட்டிகள் வளர்ச்சி ஹார்மோனையும் புரோலாக்டினையும் சேர்த்தே சுரக்கும். ஆகவே புரோலாக்டின் கூடியிருக்கிறது என்று தெரிந்ததோடு நிறுத்தாமல், வளர்ச்சி ஹார்மோன் கூடியிருப்பதைக் காட்டும் ஐஜிஎஃப்-1 பரிசோதனையையும் ஒருமுறை செய்துவிட வேண்டும்.

என் கட்டி 6 மி.மீ. இது பெரிதா, சிறிதா?

10 மி.மீ.க்குக் கீழே என்றால் மைக்ரோ, அதற்கு மேல் மேக்ரோ, 40 மி.மீ.யைத் தாண்டினால் ராட்சதக் கட்டி. மேக்ரோவில் கவலை, மேலே இருக்கும் பார்வை நரம்புச் சந்திப்பை அழுத்துவது. அப்போது இரு பக்கவாட்டுப் பார்வையும் மங்கும். நேர்ப்பார்வை சரியாகவே இருக்கும். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார், ஆனால் கதவு நிலையில் தோள் இடித்துக்கொள்வார். அதனால் கண் பரிசோதனை என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ‘விஷுவல் ஃபீல்டு’ எனப்படும் பார்வைப் புலச் சோதனை என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

மைக்ரோவில் அழுத்தும் பிரச்சினை இல்லை. ஆனால் 4 மி.மீ. கட்டி கூட கார்டிசாலைக் கூட்டி எலும்பை உடைக்கும், சர்க்கரையை ஏற்றும். மறுபக்கம், வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி ஒரு சின்னப் புள்ளி தெரியும். பெரும்பாலும் அது எதையும் செய்வதில்லை. முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டுப் பிறகு நோயைத் தேடினால், சம்பந்தமில்லாத புள்ளிக்குப் பழி போய்ச் சேரும்.

அப்படியானால் எந்த வரிசையில் பரிசோதிக்க வேண்டும்?

முதலில் ரத்தம். காலை 8 மணி வாக்கில் புரோலாக்டின், ஐஜிஎஃப்-1, கார்டிசால், டிஎஸ்ஹெச்சுடன் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4, சூலகத்தையும் விதைப்பையையும் தூண்டும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன், பெண்ணுக்கு மாதவிலக்கு விவரத்தோடு எஸ்ட்ரடியால், கூடவே சோடியம். இதில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறோம்: எது கூடியிருக்கிறது, நல்ல சுரப்பி நசுங்கி எது குறைந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: காலைக் கார்டிசால் குறைபாட்டைக் கண்டுபிடிக்கத்தான். அது இயல்பாக இருக்கிறது என்பதால் குஷிங் இல்லை என்று சொல்ல முடியாது.

முடிக்காகவும் நகத்துக்காகவும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு 2-3 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். பல ஹார்மோன் கருவிகள் பயோட்டினைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. வெளியிலிருந்து அது வந்தால் சில அளவுகள் பொய்யாகக் குறையும், சில பொய்யாகக் கூடும்.

அதன் பிறகு எம்ஆர்ஐ. வெறும் ‘பிரெயின் எம்ஆர்ஐ’ அல்ல. பிட்யூட்டரிக்கென்று, 2-3 மி.மீ. மெல்லிய வெட்டுகளாக, கான்ட்ராஸ்ட் ஊசி போட்ட முதல் ஓரிரு நிமிடங்களிலேயே தொடர்ச்சியாக எடுக்கும் டைனமிக் முறை. நல்ல சுரப்பி மருந்தைச் சட்டென்று வாங்கி வெளுக்கும், கட்டி மெதுவாக வாங்கும். அந்தச் சில நொடி இடைவெளியில்தான் சின்னக் கட்டி கருத்த புள்ளியாகத் தெரிகிறது. தாமதித்து எடுத்தால் இரண்டும் ஒரே நிறமாகி, கட்டி ஒளிந்துகொள்ளும்.

புரோலாக்டின் 62 வந்திருக்கிறது. கட்டிதானா?

அவசரப்பட வேண்டாம். பெண்களுக்கு ஏறக்குறைய 25, ஆண்களுக்கு 20 நானோகிராம்/மி.லி. வரை இயல்பு. (சில லேப்கள் வேறு அலகில் தருவார்கள்; 1 நானோகிராம் என்பது சுமார் 21 மில்லி யூனிட்/லிட்டர். 1,300 என்று பார்த்து அலறுபவரின் அளவு உண்மையில் இந்த 62தான்.)

இந்த அளவில் முதலில் பார்க்க வேண்டியவை: கர்ப்பமா, தைராய்டு குறைவா, சிறுநீரகக் கோளாறா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். நடைமுறையில் மாத்திரைதான் பெரும்பாலும் மாட்டும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைட், லெவோசல்பிரைடு, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால், ரத்த அழுத்தத்துக்கான வெராபமில் எல்லாம் புரோலாக்டினை ஏற்றும். மனநல மருந்தாக இருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. வயிற்று மருந்து என்றால் 3 நாள் விட்டுவிட்டு மறுபடி பார்க்கலாம்.

ஊசிக்குப் பயந்தாலும் ஏறும் என்பதால், லேசாகக் கூடியிருந்தால் கையில் ஊசிக்குழாயைப் போட்டுவிட்டு 20-30 நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி எடுப்பது வழக்கம்.

அறிகுறியே இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால் ‘மேக்ரோபுரோலாக்டின்’ பார்க்கச் சொல்லுங்கள். புரோலாக்டின் ஓர் ஆன்டிபாடியோடு ஒட்டிப் பெரிய உருண்டையாகச் சுற்றும். உடலில் வேலை செய்யாது, கருவியில் மட்டும் எண்ணாக வரும். பிஇஜி என்ற பொருளைக் கலந்து அந்த உருண்டைகளை வீழ்ப்படிவாக்கிவிட்டு மிச்சத்தை அளப்பார்கள். மிச்சம் 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் பெரும்பகுதி மேக்ரோபுரோலாக்டின் என்று பொருள். மிச்சமுள்ள அளவு இயல்பாக இருந்தால் ஸ்கேனும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

200-250க்கு மேல் போனால் புரோலாக்டின் கட்டிதான் என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் ரிஸ்பெரிடோன் போன்ற சில மருந்துகளும் சிலருக்கு 200ஐத் தொட வைக்கும்.

கட்டி 4 செ.மீ., புரோலாக்டின் 90தான். இது எப்படி?

இதற்கு இரண்டு விளக்கம் உண்டு, இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர். ஒன்று, அது புரோலாக்டின் கட்டியே அல்ல. மூளையிலிருந்து டோபமின் என்ற வேதிப்பொருள் ஒரு தண்டு வழியாக இறங்கிவந்து புரோலாக்டினை அடக்கி வைக்கும்; அந்தத் தண்டை எந்தப் பெரிய கட்டி நசுக்கினாலும் அடக்குமுறை தளர்ந்து புரோலாக்டின் கொஞ்சம் ஏறும், பெரும்பாலும் 100க்குள். அதற்கு அறுவை சிகிச்சை.

இரண்டாவது, எண்ணே பொய். கருவியில் இரண்டு ஆன்டிபாடிகள் உண்டு: ஒன்று புரோலாக்டினைப் பிடித்து நிறுத்தும், மற்றது அதே புரோலாக்டினின் மறுபுறத்தில் ஒட்டி ஒளி தரும். மாதிரியில் புரோலாக்டின் பல ஆயிரக்கணக்கில் இருந்தால் இரண்டும் தனித்தனிப் புரோலாக்டினைப் பிடித்து நிரம்பிவிடும். ஒளி தரும் பாதி ஒட்ட இடமின்றிக் கழுவிப் போய்விடும். கருவி ‘90’ என்று காட்டும், உண்மை 9,000ஆக இருக்கலாம். இதற்கு ‘ஹூக் எஃபெக்ட்’ என்று பெயர். தீர்வு எளிது: அதே மாதிரியை நூறு மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும். புதிய கருவிகள் சிலவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் பெரிய கட்டிக்குச் சிறிய எண் வந்தால் லேபுக்கு ஒரு போன் போடாமல் ஆபரேஷன் தேதி குறிக்கக் கூடாது.

கேபர்கோலின் எப்படிச் சாப்பிடுவது?

புரோலாக்டின் கட்டிக்கு முதல் சிகிச்சை கேபர்கோலின் என்ற இந்த மாத்திரைதான், கட்டி எவ்வளவு பெரிதானாலும், பார்வை மங்கியிருந்தாலும் கூட. ஹார்மோனை இறக்குவதோடு கட்டியையும் சுருக்கும். பார்வை சில நாட்களிலேயே தெளியத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

வழக்கமான தொடக்கம் 0.25 மி.கி., வாரம் இருமுறை. இரவு ஏதாவது சாப்பிட்ட பிறகு, படுக்கும் முன். வெறும் வயிற்றில் சாப்பிட்டுவிட்டு நடமாடினால் குமட்டலும் தலைசுற்றலும் வந்து, ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடுவார்கள். கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள், திங்கள்-வியாழன் என்பதுபோல. தினசரி மாத்திரை என்று நினைத்து நாள்தோறும் விழுங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்த்து அளவைக் கூட்டுவார்கள். பலருக்கு வாரம் 0.5-2 மி.கி.க்குள் அடங்கிவிடும். மேக்ரோவுக்கு 3 மாதத்தில் மறு எம்ஆர்ஐ, மைக்ரோவுக்கு ஒரு வருடம் பொறுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பெரிய கட்டி வேகமாகச் சுருங்கினால் அது அடைத்து வைத்திருந்த ஓட்டை திறந்து, மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டலாம். சளி என்று விட்டுவிடாதீர்கள். அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம், மூளைக்காய்ச்சலுக்கு வழி. இரண்டாவது, சூதாட்டம், கண்மூடிச் செலவு, அடங்காத காம உணர்வு என்று சிலருக்குக் குணம் மாறும். நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், வீட்டார் கவனித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது, வாரம் 2 மி.கி.க்கு மேல் நீண்டகாலம் எடுப்பவர்கள் இதய வால்வுக்காக எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது நிறுத்தலாம்? கர்ப்பமானால்?

குறைந்தது 2 வருடம் சாப்பிட்டு, புரோலாக்டின் இயல்பாகவும் ஸ்கேனில் கட்டி தெரியாமலும் இருந்தால், மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். திரும்புவதானால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் திரும்பும். அதனால் அந்த வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம்.

மாத்திரை தொடங்கியதும் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு உண்டாகலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்பவர்கள் முதல் மாத்திரையிலிருந்தே பாதுகாப்பு எடுக்க வேண்டும். மைக்ரோ உள்ளவர்கள் கர்ப்பம் உறுதியானதும் மாத்திரையை நிறுத்துவார்கள். கர்ப்பத்தில் புரோலாக்டின் இயல்பாகவே பல மடங்கு ஏறும் என்பதால் அதை அளப்பதில் பொருளில்லை. தலைவலியும் பார்வையும்தான் அளவுகோல். மேக்ரோ உள்ளவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்வைப் புலச் சோதனை. மாத்திரையைத் தொடர்வதா என்பதைக் கட்டியின் இடத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போது, அதிக அனுபவம் உள்ள பழைய மருந்து என்பதால் புரோமோகிரிப்டினுக்கு மாற்றும் மருத்துவர்களும் உண்டு.

மோதிரம் இறுகுகிறது, செருப்பு அளவு ஏறுகிறது. வயது காரணமா?

வளர்ந்தவருக்குக் கால் வளராது. செருப்பு ஒரு அளவு ஏறினால், பல்லிடை விரிந்தால், குறட்டையும் வியர்வையும் கூடினால், கை விரல்கள் மரத்துப் போனால், கூடவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்திருந்தால் அக்ரோமெகலியைத் தேட வேண்டும். மாற்றம் மிக மெல்ல நடப்பதால் தினமும் பார்க்கும் வீட்டாருக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு முந்தைய அடையாள அட்டைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். மருத்துவரிடம் போகும்போது பழைய படங்கள் நாலைந்து எடுத்துப் போங்கள்.

சோதனை ஐஜிஎஃப்-1. வளர்ச்சி ஹார்மோனை நேரடியாக ஒருமுறை அளப்பது வீண். அது அலையலையாகச் சுரப்பதால் நலமாக இருப்பவருக்கும் ஒரு கணம் உச்சத்தில் இருக்கும். ஐஜிஎஃப்-1ஐ வயதுக்கேற்ற அளவோடு ஒப்பிட வேண்டும்: 18 வயதுக்கு இயல்பானது 60 வயதுக்கு அதிகம். கல்லீரல் நோய், கட்டுப்படாத சர்க்கரை, சத்துக் குறைவு, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகியவை இதைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

ஐயம் இருந்தால் குளுக்கோஸ் சோதனை. இரவு பட்டினி, காலையில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, 0, 30, 60, 90, 120ஆவது நிமிடங்களில் ரத்தம். சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் அடங்க வேண்டும். 1 நானோகிராம்/மி.லி.க்குக் கீழே ஒருமுறையாவது இறங்காவிட்டால் நோய் உறுதி; நுண்ணிய கருவிகளில் எல்லை 0.4. ஏற்கெனவே கட்டுப்படாத சர்க்கரை உள்ளவருக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

உறுதியானதும் பெருங்குடலுக்குக் கொலனோஸ்கோப்பி, தூக்கச் சோதனை, எக்கோ மூன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். குறட்டையும் தடித்த நாக்கும் இருப்பதால் மயக்க மருந்து நிபுணருக்கு நோயின் பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எடை ஏறுகிறது, வயிற்றில் கோடுகள். குஷிங் நோயா?

எடை, சர்க்கரை, முகப்பரு எல்லாம் ஊருக்கே உண்டு. குஷிங்கைத் தனித்துக் காட்டுபவை வேறு: 1 செ.மீ.க்கு மேல் அகலமான, கருஞ்சிவப்புக் கோடுகள்; இடித்துக்கொண்ட நினைவே இல்லாமல் வரும் ரத்தக் கட்டு; காகிதம்போல் மெலிந்த தோல்; தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாத தொடைப் பலவீனம்; இளவயதிலேயே எலும்பு முறிவு. குழந்தை என்றால் எடை ஏறிக்கொண்டே போகும், உயரம் நின்றுபோயிருக்கும்.

சோதனைக்கு முன் ஒரு கேள்வி கட்டாயம்: ஸ்டீராய்டு எந்த வடிவிலாவது உடலுக்குள் போகிறதா? தோல் கிரீம், ஆஸ்துமா உறிஞ்சி, மூட்டில் போட்ட ஊசி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத வலிப் பொடி. குஷிங் தோற்றத்துக்கு மிகப் பெரிய காரணம் கட்டியல்ல, இவைதான்.

அதற்கான சோதனைகளை எப்படிச் செய்வது?

மூன்று இருக்கின்றன. அவற்றில் இரண்டிலாவது மாறுபாடு தெரிய வேண்டும்.

டெக்ஸாமெத்தசோன் சோதனை: இரவு 11 மணிக்கு 1 மி.கி. (0.5 மி.கி. மாத்திரை என்றால் 2), மறுநாள் காலை 8-9 மணிக்குள் கார்டிசால். 1.8 மைக்ரோகிராம்/டெ.லி.க்கு மேல் இருந்தால் அடங்கவில்லை என்று பொருள். மாத்திரையை மறந்துவிட்டு, கேட்டால் ‘சாப்பிட்டேன்’ என்பவர்கள் உண்டு. கூடவே டெக்ஸாமெத்தசோன் அளவையும் பார்த்தால் குட்டு வெளிப்படும். கருத்தடை மாத்திரை கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டி எண்ணை ஏற்றிக் காட்டும். 6 வாரம் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களின் கல்லீரல் டெக்ஸாமெத்தசோனை வேகமாகக் கரைத்துவிடும், அவர்களுக்கும் இது ஏமாற்றும்.

நள்ளிரவு எச்சில் கார்டிசால்: இரவு 11 மணி வாக்கில், இரண்டு வெவ்வேறு நாட்கள். அதற்கு அரைமணி முன்பிருந்து சாப்பாடு, பல் துலக்கல், புகை எதுவும் கூடாது. ஈறில் ரத்தம் கசிந்தால் எண் ஏறிவிடும். ஸ்டீராய்டு கிரீம் தடவிய கையால் எச்சில் எடுக்கும் பஞ்சைத் தொட்டால் அந்த மாதிரியே கெட்டது. இரவுப் பணிக்காரர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

24 மணி நேரச் சிறுநீர்: காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு சொட்டும் கேனுக்குள், மறுநாள் காலை அதே நேரத்து முதல் சிறுநீர் உட்பட. இரண்டு தடவை செய்ய வேண்டும். நாளுக்கு 5 லிட்டர் நீர் குடிப்பவருக்குப் பொய்யாகக் கூடும், சிறுநீரகம் பலவீனமானவருக்குப் பொய்யாகக் குறையும்.

கார்டிசால் கூடியிருப்பது உறுதி. பிறகும் ஏன் இத்தனை சோதனை?

கூடியது தெரிந்தது, எங்கிருந்து என்பது தெரியவில்லையே. அடுத்த படி ஏசிடிஹெச். 5க்குக் கீழே என்றால் கோளாறு அட்ரினலில், 20 பிகோகிராம்/மி.லி.க்கு மேல் என்றால் பிட்யூட்டரி, அல்லது அரிதாக நுரையீரல் போன்ற இடத்தில் ஒளிந்திருக்கும் வேறு கட்டி. இந்த ஒரு எண்ணில்தான் ரத்தம் எடுக்கும் கையின் தரம் தெரியும். ஏசிடிஹெச் அறை வெப்பத்தில் சிதைந்துபோகும். ஊதா மூடி இடிடிஏ குழாயை முதலிலேயே ஐஸில் குளிரவைத்து, ரத்தம் எடுத்ததும் ஐஸிலேயே கொண்டுபோய், தாமதிக்காமல் குளிர் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்ற வேண்டும். வீட்டில் வந்து எடுத்துப் பையில் போட்டு இரண்டு மணி நேரம் சுற்றிய குழாய் ‘4’ என்று சொன்னால், பிட்யூட்டரியில் இருக்கும் நோய்க்கு அட்ரினலைத் தேடப் போய்விடுவோம். ஐஸ் இல்லை என்றால் அன்றைக்கு எடுக்காதீர்கள்.

எம்ஆர்ஐயில் ஏசிடிஹெச் கட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தெரிவதே இல்லை, அவ்வளவு சிறியவை. தெரியும் 4 மி.மீ. புள்ளியும் வேறெதற்கோ சொந்தமானதாக இருக்கலாம். அதனால் 6 மி.மீ.க்குக் குறைவு அல்லது எதுவும் தெரியவில்லை என்றால் ஐபிஎஸ்எஸ்: தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய்களைப் பிட்யூட்டரி ரத்தம் வடியும் இரு பக்க நாளங்களுக்கும் அனுப்பி, அங்கும் கையிலும் ஒரே நேரத்தில் ஏசிடிஹெச் எடுப்பது. அங்கே இரண்டு மடங்கோ அதற்கு மேலோ, தூண்டும் ஊசி போட்ட பின் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் ஊற்று பிட்யூட்டரிதான். கார்டிசால் கூடியிருக்கும் நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். அதைக் குறைக்கும் மருந்தில் இருந்தால் விடை தப்பும்.

டி4 கூடியிருக்கிறது, டிஎஸ்ஹெச் குறையவே இல்லை. லேப் தவறா?

முதலில் அப்படித்தான் சந்தேகிக்க வேண்டும். வேறு கருவியில் மறுபடி பாருங்கள். உண்மை என்றால் டிஎஸ்ஹெச் சுரக்கும் கட்டி, அல்லது தைராய்டு ஹார்மோனுக்கு உடல் பணியாத பரம்பரைக் குறை. கட்டியைக் கவனிக்காமல் தைராய்டைக் கதிரியக்க அயோடினால் பொசுக்கிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெருந்தவறு.

மூக்கு வழி ஆபரேஷன் என்றால் என்ன?

புரோலாக்டின் தவிர மற்றவற்றுக்கு இதுதான் முதல் சிகிச்சை. மண்டையைத் திறப்பதில்லை. மூக்குத் துவாரம் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, பின்னாலுள்ள ஸ்ஃபீனாய்டு காற்றறையைக் கடந்து, மெல்லிய எலும்பை நீக்கிக் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். நீர் கசிந்தால் வயிற்றுக் கொழுப்போ மூக்குச் சவ்வோ வைத்து அடைப்பார்கள். வயிற்றில் ஒரு சிறு வெட்டுக் காயம் இருந்தால் திகைக்க வேண்டாம்.

கைதேர்ந்தவர் செய்தால் மைக்ரோவில் பத்தில் எட்டுப் பேருக்குக் குணம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. மேக்ரோவில் அது பாதியளவுக்கு இறங்கும். பக்கத்துக் கேவர்னஸ் சைனஸுக்குள், கழுத்திலிருந்து வரும் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக் கட்டி புகுந்திருந்தால் முழுவதும் எடுப்பது கடினம். அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “வருடத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்கிறீர்கள்?” என்பது. இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிப்பது?

மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், குனிந்து பாரம் தூக்காதீர்கள், மலச்சிக்கலுக்கு முன்கூட்டியே மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வாரம் என்பதை மருத்துவர் சொல்வார், பொதுவாக 4-6. முன்பக்கம் குனிந்தால் மூக்கில் தெளிந்த நீர் சொட்டினால், அல்லது தொண்டையில் உப்பாக இறங்கினால் அன்றே போக வேண்டும். அந்த நீரை ஒரு சுத்தமான குப்பியில் பிடித்துப் போங்கள். பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனை அது சளியா, மூளை நீரா என்று சொல்லிவிடும்.

இன்னொன்று நீர்க் கணக்கு. அளவு குறித்த ஒரு குவளையைக் கழிப்பறையில் வைத்துக்கொண்டு, குடித்ததையும் கழித்ததையும் எழுதுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் தொடர்ந்து 2-3 மணி நேரம் மணிக்கு 250 மி.லி.க்கு மேல் நிறமற்ற சிறுநீர் போனால், நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் குறைந்திருக்கலாம். டயாபடீஸ் இன்சிபிடஸ் என்பார்கள். சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஹார்மோனுக்கு ஈடான டெஸ்மோபிரெசின் மருந்து தருவார்கள். அக்ரோமெகலிக்காரர்களுக்கு மட்டும் வேறு கதை: உடலில் தேங்கியிருந்த நீர் வெளியேறுவதால் சிறுநீர் அதிகம் போகும், ஆனால் சோடியம் ஏறாது. அது நல்ல சகுனம்.

ஆபத்து இதற்கு நேர்மாறாக, 5 முதல் 10ஆம் நாளுக்குள் வரும். அந்த ஹார்மோன் திடீரென்று கொட்டி, நீர் தேங்கி, சோடியம் சரியும். வீட்டில் நன்றாக இருந்தவர் தலைவலி, குமட்டல், மந்தம் என்று படுப்பார். ‘ஆபரேஷன் அசதி’ என்று நினைத்து இளநீரும் சாறும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், சோடியம் இன்னும் சரியும். அதனால் 7ஆம் நாள் ஒரு சோடியம் சோதனை கட்டாயம். அந்த வாரம் நாளுக்கு 1-1.5 லிட்டர் மட்டும் குடிக்கச் சொல்லும் மையங்களும் உண்டு. டெஸ்மோபிரெசின் எடுப்பவர்கள் இந்த நாட்களில் மருத்துவரைக் கேட்காமல் அடுத்த வேளையை விழுங்கக் கூடாது.

குஷிங் ஆபரேஷன் வெற்றி என்கிறார்கள், உடம்போ முன்னைவிட மோசம். ஏன்?

அதுதான் வெற்றியின் அடையாளம். மறுநாள் காலைக் கார்டிசால் 2 மைக்ரோகிராமுக்குக் கீழே விழுந்தால் கட்டி போய்விட்டது என்று மகிழ்வோம். நல்ல செல்கள் இத்தனை காலம் அடங்கிக் கிடந்ததால் விழிக்க 6 மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். மூட்டு வலி, தோல் உரிதல், சோர்வு, அழுகை எல்லாம் வரும். அதுவரை ஹைட்ரோகார்டிசோன் நாளுக்கு 15-20 மி.கி., எழுந்ததும் பெரிய பங்கு, மதியம் சிறிய பங்கு. இந்த நோயில் ரத்தம் உறையும் போக்கும் அதிகம் என்பதால், ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் கால் வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

முழுதாகப் போகவில்லை என்றால்?

அக்ரோமெகலியில் குணமானதா என்பதை 12 வாரம் கழித்து எடுக்கும் ஐஜிஎஃப்-1 சொல்லும். கூடியே இருந்தால் மாத ஊசி: ஆக்ட்ரியோடைடு 20 மி.கி. புட்டத் தசையில், அல்லது லான்ரியோடைடு தோலுக்கடியில் ஆழமாக, 4 வாரத்துக்கு ஒருமுறை. ஆக்ட்ரியோடைடு ஊசியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, கலந்தவுடனே போட வேண்டும். கலந்து வைத்துவிட்டு நோயாளியைக் கூப்பிட்டால் மருந்து படிந்து ஊசி அடைத்துக்கொள்ளும். ஒரு மாத மருந்து குப்பையில். பித்தக்கல் வரலாம். போதவில்லை என்றால் பெக்விசோமன்ட் தினசரி ஊசி. அதில் இருக்கும்போது ஐஜிஎஃப்-1 மட்டுமே அளவுகோல், வளர்ச்சி ஹார்மோன் எண்ணைப் பார்க்கக் கூடாது. பாசிரியோடைடு நன்றாக வேலை செய்யும், ஆனால் சர்க்கரையை ஏற்றும்.

குஷிங்கில் மறு ஆபரேஷன், அல்லது கார்டிசால் உற்பத்தியைத் தடுக்கும் கீட்டோகோனசோல், மெட்டிரபோன், ஆசிலோட்ரோஸ்டாட். கடைசி வழி இரு அட்ரினலையும் எடுத்துவிடுவது. கார்டிசால் உடனே அடங்கும், ஆனால் வாழ்நாள் முழுதும் ஸ்டீராய்டு மாத்திரை, பிட்யூட்டரிக் கட்டி வேகமாக வளரும் நெல்சன் நிலைக்கான கண்காணிப்பும் சேர்ந்தே வரும்.

கதிர்வீச்சு மெல்ல வேலை செய்யும். ஒரே அமர்வில் 20-25 கிரே கொடுக்கும் முறைக்குக் கட்டி பார்வை நரம்பிலிருந்து சில மி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். ஹார்மோன் இறங்க வருடங்கள் ஆகும், அதுவரை மருந்து. நல்ல சுரப்பியும் வருடங்கள் போகப்போகச் சோர்ந்துபோகலாம் என்பதால் ஆண்டுதோறும் எல்லா ஹார்மோனையும் பார்க்க வேண்டும்.

இது பரம்பரையா?

பெரும்பாலும் இல்லை. ஒரு கால்சியம் சோதனை மட்டும் செய்துவிடுங்கள். கூடியிருந்தால் பாராதைராய்டும் கணையமும் சேர்ந்து பாதிக்கும் மென்-1 பரம்பரை நோயைத் தேடுவார்கள். 30 வயதுக்குள் பெரிய கட்டி வந்தவருக்கும், வீட்டில் இன்னொருவருக்கு இருப்பவருக்கும் மரபணுச் சோதனை பேசத் தகுந்தது.

எப்போது நள்ளிரவானாலும் ஓட வேண்டும்?

இடி விழுந்தாற்போல் திடீர்த் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், இரட்டைப் பார்வை, இமை தொங்கல்: கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். கட்டி இருப்பதே தெரியாதவருக்கும் இது முதல் அறிகுறியாக வரும். அவசரப் பிரிவில் “பிட்யூட்டரி கட்டி இருக்கிறது” என்ற வார்த்தையை வாசலிலேயே சொல்லுங்கள். ஸ்கேனுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி போடுவது உயிர் காக்கும்.

ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அளவு இரண்டு மூன்று மடங்கு, காய்ச்சல் விடும்வரை. வாந்தியோ பேதியோ வந்து மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசி. தைராய்டு மாத்திரையான தைராக்ஸினும் சேர்த்துத் தொடங்கும்போது கார்டிசால் குறையை முதலில் ஈடுசெய்த பிறகே தைராக்ஸின். வரிசை மாறினால் இருக்கும் கொஞ்சக் கார்டிசாலும் கரைந்து ஆள் சுருண்டுவிடுவார். பணப்பையில் ஒரு சீட்டு வையுங்கள்: நோயின் பெயர், மாத்திரை, அளவு, ‘ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது, அவசரத்தில் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி’.